சீட்டு வாங்கியவர்கள்

ஆயர் ஞானசிகாமணி அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைத்துவிட்டார், இனி பாத்திரத்தை நான் எடுக்க வேண்டும், வலது கை தண்டில், இடது கை அடியில், விரலிடுக்கில் வெள்ளைத் துணி, ஒவ்வொருவர் குடித்ததும் விளிம்பைத் துடைத்துக் கொஞ்சம் திருப்பிக்கொள்ள வேண்டும், இறையியல் கல்லூரியில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு இதைப் பழகியிருக்கிறோம், அங்கே சிந்தினால் சிரிப்போம், இது தண்ணீர் இல்லை, கை நடுங்கக் கூடாது. வெள்ளி சில்லென்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆயர் வீட்டு வாசலில் வந்து நின்று, "எப்சி, உபதேசியாருக்குக் கண் ஆபரேஷன். நீ படிப்பு லீவுலதான இருக்க, இந்த வாரம் நீ பாத்திரம் புடிச்சிடு" என்றார், கடைசி வருட மாணவர்கள் பிடிக்கலாம் என்று அனுமதி உண்டு, நான் சரிங்க ஐயா என்றேன், அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்கும் சத்தம் நின்று பிறகு மறுபடி தொடங்கியது. இங்கே பீடத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கோயில் வேறு மாதிரி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த நெல்வாய்க்குப்பம் தூய ஸ்தேவான் ஆலயத்தில் பெண்கள் பக்கம் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து முதுகுகளையும் பின்னல்களையும் பார்த்தே வளர்ந்தவள் நான், இன்று முதல்முறையாக முகங்களைப் பார்க்கிறேன், எல்லா முகமும் என்னைப் பார்க்கிறது, ஒரு முகத்தைத் தவிர. அம்மா மடியில் கிடக்கும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் இந்தப் பந்திக்கு அவள் எழுந்து வருவாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. காலையில் தோசை சுடும்போது கேட்டிருக்கலாம், கேட்க வாய் திறந்தேன், சட்னியில உப்பு போதுமா பாரு என்றாள், போதும் என்றேன், அதோடு அந்த நேரம் போய்விட்டது. வந்தால் என்ன செய்வேன். வராவிட்டால்தான் நல்லது. வராமல் அங்கேயே தலையைக் குனிந்தபடி அவள் உட்கார்ந்திருக்க, நான் இங்கே ஊருக்கெல்லாம் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு போவது நல்லதா.

அம்மாவுக்கு இரண்டு பெயர். கோயிலில் தெபோரா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கஸ்தூரி, கஸ்தூரி நர்ஸம்மா, பக்கத்து ஊர்களில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவள், சான்றிதழில் இந்து ஆதி திராவிடர். அவளுடைய தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது. ஆனால் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொடுத்தால் இட ஒதுக்கீட்டுக்கான பட்டியலில் இடம் இல்லை, சட்டம் அப்படி, சாமியை மாற்றினால் சாதியும் போய்விடும் என்று சட்டம் நம்புகிறது, எங்கள் ஊர் டீக்கடை நம்புவதில்லை. அதனால் தாலுகா அலுவலகத்தில் ஒரு பெயர், பிறகு வேலை, பிறகு அப்பா இறந்தபின் அந்த வேலையில்தான் நான், என் பள்ளிக்கூடம், என் இறையியல் படிப்பு. காலையில் கிளம்பும்போது பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள், சாயங்காலம் செருப்பைக் கழற்றிய கையோடு அதை எடுத்துத் திரும்பக் கண்ணாடியில் ஒட்டுவாள், சின்ன வயதில் அந்தக் கண்ணாடி முன் நின்றால் என் கன்னத்திலும் மூக்கிலும் அம்மாவின் பொட்டுகள் தெரியும், எனக்கு அது விளையாட்டு. இந்தக் கோயிலில் இது யாருக்கும் ரகசியமில்லை, ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு காகிதம், ஒரு கண்ணாடி. போன வருடம் ஞானசிகாமணி ஐயா இங்கே மாற்றலாகி வந்தார். போன மாதம் பிரசங்கத்தின் முடிவில், கத்தாமல், கையை ஓங்காமல் சொன்னார்: "சர்க்காருக்கு ஒரு பேரு, சாமிக்கு ஒரு பேருன்னு வச்சிருக்கிறவங்க ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் பந்திக்கு வர வேணாம். உங்கள நான் தள்ளல. காத்திருங்கன்னுதான் சொல்றேன்." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேச முடியாது, ஏனென்றால் அவர் எங்கள் ஜனம், சேரியில் பிறந்தவர், அரசு வாத்தியார் வேலைக்குத் தேர்வாகி, அதே சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். தான் கொடுத்ததைத்தான் அவர் மற்றவர்களிடம் கேட்கிறார். அன்று பந்திக்கு எழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், வயதானவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், வேலை கிடைக்காதவர்கள். வேலை கிடைக்காதவர்கள் எல்லாரும் ஒரே நாளில் பரிசுத்தவான்கள் ஆனார்கள். இப்படி நினைப்பது தப்பு, கையில் பாத்திரம் இருக்கிறது, இப்படி நினைக்கக் கூடாது. அன்று வீட்டுக்கு வந்து அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அவரு சொல்றதும் சரிதானே" என்றாள், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

முதல் வரிசை எழுந்துவிட்டது, செருப்பில்லாத கால்களின் சத்தம், பீடத்துக்கு முன்னிருக்கும் கம்பிக் கிராதியின் முன் முழங்கால் போடுகிறார்கள், ஆயர் அப்பத்தோடு முன்னே போகிறார், நான் பின்னே. உங்களுக்காகச் சிந்தப்பட்ட கிறிஸ்துவின் இரத்தம். ஆமென். துடை, திருப்பு. உங்களுக்காகச் சிந்தப்பட்ட. வெற்றிலை மணக்கிற வாய், பல் இல்லாத வாய், உதட்டுச் சாயம் அவசரமாகத் துடைக்கப்பட்ட வாய். நாளைக்கு மறுநாள் சபை வரலாற்றுத் தேர்வு, ஒரு மாதமாகத் தலைக்குள் வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரம்தான், எங்கே பார்த்தாலும் கார்த்தேஜ், பஸ்ஸில், குளியலறையில், இப்போது இங்கேயும். கிறிஸ்து பிறந்து இருநூற்றைம்பது வருடம் ஆனபோது ரோமப் பேரரசன் டீசியஸ் ஓர் ஆணை போட்டான், குடிமக்கள் எல்லாரும் தேவர்களுக்குப் பலி கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு அதிகாரிகளிடம் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில கிறிஸ்தவர்கள் பலி கொடுத்தார்கள். சிலர் தூபம் மட்டும் காட்டினார்கள். சிலர் எதுவும் செய்யாமல், யாரையோ பிடித்து, கையில் எதையோ வைத்து அழுத்திச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள், செத்தவர்களும். ஒரு வருடத்தில் ஆணை ஓய்ந்தது, பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பித்தது, சீட்டு வாங்கியவர்கள் திரும்பிக் கோயில் கதவைத் தட்டினார்கள், பந்திக்குச் சேர்ப்பதா கூடாதா. ரோமில் நோவேத்தியன் என்கிற மூப்பர், கூடவே கூடாது, மன்னிப்பது கடவுளின் வேலை, நம் வேலையில்லை என்று பிரிந்து தனிச் சபையே வைத்துவிட்டார். சிறையிலிருந்து மீண்டவர்களில் சிலர் நேர்மாறு, அடி வாங்கிய உடம்போடு, இவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விசுவாசத்திலிருந்து விழுந்தவர்களுக்காக எழுதிக்கொடுத்தார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் நடுவில் அகப்பட்டுக்கொண்டார், அவரும் அந்த வருடம் முழுவதும் ஒளிந்திருந்தவர்தான், எல்லாரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரியுங்கள் என்றார். அந்தச் சீட்டுகள் எகிப்து மணலில் இன்னும் கிடைக்கின்றன, எங்கள் பேராசிரியர் மிஸ்பா அம்மா வகுப்பில் படம் போட்டுக் காட்டினார், ஒரு கிழவன், வலது புருவத்தில் தழும்பு உள்ளவன் என்று அடையாளம், நம் பள்ளிக்கூடச் சான்றிதழில் இடது முழங்கையில் மச்சம் என்று எழுதுவதைப்போலவே. இன்னொன்றில் எழுதத் தெரியாத ஒரு பெண், அவளுக்காக அவள் புருஷன் எழுதியிருக்கிறான். "இவங்கள்ல யாரு கிறிஸ்தவங்க, யாரு இல்லன்னு நமக்குத் தெரியாது, காகிதத்த வச்சுக் கண்டுபிடிக்க முடியாது" என்றார் மிஸ்பா அம்மா. வகுப்பில் பாதிப் பேர் மேசையைப் பார்த்தோம்.

துடை, திருப்பு. இரண்டாம் வரிசை. அம்மா இன்னும் பாட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறாள், அவள் வரிசைக்கு முன்னால் இன்னும் ஒரே வரிசை. பாத்திரத்தில் ரசம் ஆடுகிறது, ஆடாமல் பிடி. கார்த்தேஜில் ஒரு குழந்தையின் கதை உண்டு, அதை ஏன் இப்போது நினைக்கிறேன், படித்த நாளிலிருந்து விடமாட்டேன் என்கிறது. அப்பா அம்மா தப்பி ஓட, செவிலித்தாய் கைக்குழந்தையை அதிகாரிகளிடம் கொண்டுபோக, அவர்கள் தேவர்களுக்குப் படைத்த ரசத்தில் ரொட்டியை நனைத்து அதன் வாயில் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் தெரியாத தாய் பிறகு குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கி வருகிறாள். உதவிக்காரர் பாத்திரத்தை நீட்டுகிறார், குழந்தை முகத்தைத் திருப்புகிறது, உதட்டை இறுக்குகிறது, அவர் விடாமல் வாய்க்குள் ஊற்றுகிறார், குழந்தை விக்கி, வாந்தி எடுக்கிறது. அசுத்தமான வாயில் பரிசுத்தம் தங்காது என்பதற்காகச் சொன்ன கதை. எனக்கோ அந்தப் பாத்திரக்காரரின் கைதான் ஞாபகம் வருகிறது, குழந்தையின் தாடையைப் பிடித்திருக்கும் கை. என்ன கதை இது, கைக்குழந்தைக்கு என்ன தெரியும், இரண்டு வாய் ரொட்டிக்கு முன்னும் பின்னும் அதற்குத் தெரிந்ததெல்லாம் பசி. உங்களுக்காகச் சிந்தப்பட்ட கிறிஸ்துவின் இரத்தம். சாராள் அத்தை கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள், அவள் பையன் ரயில்வேயில் இருக்கிறான், அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான், அத்தை குடித்து முடித்ததும் திரும்பி அவனைப் பார்க்கிறாள். இரண்டாம் தாள் இடைக்காலம். அங்கேயும் பாத்திரம்தான். பல நூறு வருடம் ஜனங்களுக்கு அப்பம் மட்டும், பாத்திரம் குருமாருக்கு, ரசம் சிந்திவிடுமாம், மீசையில் ஒட்டிக்கொள்ளுமாம். ஐரோப்பாவில் பொகீமியா நாட்டில் பாத்திரத்தை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டு எழுந்தார்கள், கொடியில் பாத்திரத்தை வரைந்துகொண்டு யுத்தத்துக்கே போனார்கள், ஒரு வாய் ரசத்துக்கு அத்தனை பிணம். கொடுக்க மறுத்தவர்கள் சொன்ன காரணம் தேர்வில் நிச்சயம் வரும், ஐந்து மதிப்பெண், அப்பத்தில் மட்டுமே கிறிஸ்து முழுவதுமாக இருக்கிறார், ஒரு துணுக்கு போதும், இரண்டும் வேண்டியதில்லை. ஒரு துணுக்கு போதும். அப்படியென்றால். அப்படியென்றால் ஒரு துளியும் போதும். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது, கையில் துணியோடு, பாதி நடையில், பாத்திரத்தைப் பிடுங்குவதற்காகச் சொன்ன காரணத்தைத் திருப்பிப் பிடித்தால்.

அம்மா எழுந்துவிட்டாள். இல்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு வழிவிட எழுந்திருக்கிறாள். இல்லை, பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைக்கிறாள், முந்தானையை இழுத்துத் தலையில் போடுகிறாள், நடக்கிறாள். கோயில் முழுவதும் அவளைப் பார்க்கிறது. ரயில்வேக்காரன் பார்க்கிறான், பள்ளிக்கூட ஆசிரியை பார்க்கிறாள், பெஞ்சிலேயே இருந்துவிட்ட அத்தனை பேரும் பார்க்கிறார்கள், நர்ஸம்மா போறாங்க. ஆயர் பார்க்கவில்லை, அவர் அந்தக் கோடியில் அப்பம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அம்மா கிராதியின் முன் நடுவில் ஓர் இடத்தில் முழங்கால் போடுகிறாள், முட்டி வலி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது, பிறகு இடது. எனக்கு அவளுடைய உச்சி வகிடு மட்டும் தெரிகிறது, சாயம் போடாமல் விட்ட வெள்ளை. ஆயர் நெருங்குகிறார். இன்னும் மூன்று பேர், இரண்டு பேர். ஐயா, கொடுத்துவிடுங்கள். மற்றவர்களை எல்லாம் காக்க வையுங்கள், சட்டம் மாறட்டும், சபை மாறட்டும், இவளுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். என்ன ஜெபம் இது, பாதி ஜனத்துக்கு எதிராக என் அம்மாவுக்கு மட்டும். ஆயர் அம்மாவின் முன் வந்து நிற்கிறார். தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டார், விரலில் அது இருக்கிறது, நான் பார்க்கிறேன். துண்டைத் திரும்பத் தட்டில் வைக்கிறார். அடுத்தவருக்கு நகர்கிறார். யாரோ பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்கிறது. இனி நான். அம்மாவின் முன் வந்து நிற்கிறேன், அவர் கடந்ததைப் போலவே நானும் கடந்துவிடலாம், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள், அப்பம் வாங்காதவருக்குப் பாத்திரம் இல்லை, அதுதான் முறை, என்னைப் பற்றிப் பேராயருக்கு எழுதப்போவதும் இந்த ஞானசிகாமணி ஐயாதான், அவர் எழுதினால்தான் எனக்குக் குருப்பட்டம். அம்மாவின் கைகள் நெஞ்சில் மூடியிருக்கின்றன, ஏந்தவில்லை. அதைப் பார்க்கிறேன். பார்த்தும் என் கை போகிறது, பாத்திரம் தாழ்கிறது, விளிம்பு அவள் உதட்டைத் தொடுகிறது, என் குரல் எனக்கே வெளியிலிருந்து வருவதைப்போல, உங்களுக்காக, உங்களுக்காகச் சிந்தப்பட்ட, அம்மா, கிறிஸ்துவின் இரத்தம். அம்மா நிமிர்ந்து என் கண்ணைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. பிறகு குடிக்கிறாள். ஆமென் சொல்ல மறந்துவிடுகிறாள், அல்லது சொல்லவில்லை. துடை, திருப்பு. அடுத்த ஆள்.

ஆசீர்வாதம் முடிந்து ஜனம் கலைகிற சத்தம் கேட்கிறது, நானும் ஆயரும் உடை மாற்றும் அறையில் இருக்கிறோம், மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது, மீதியிருந்த ரசத்தை அவர் குடித்துவிட்டார், பாத்திரத்தை நான் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறேன், துடைத்ததையே துடைத்துக்கொண்டிருக்கிறேன். "கதவச் சாத்து எப்சி" என்கிறார். சாத்துகிறேன். தோளில் போட்டிருந்த ஆராதனைப் பட்டையைக் கழற்றி மடித்து வைக்கிறார், மடிப்பு சரியாக வரவில்லை, உதறி மறுபடி மடிக்கிறார். "பாத்தேன்" என்கிறார். "தெரியுங்கய்யா." "அப்பம் இல்லாம பாத்திரம் மட்டும் குடுத்தா அது என்ன பந்தி?" நான் சொல்கிறேன், எனக்கே சின்னக் குரலாக இருக்கிறது: "அப்பத்துலயே முழு கிறிஸ்துவும் இருக்காருன்னு சொல்லித்தானே ஐயா அந்தக் காலத்துல ஜனங்ககிட்ட பாத்திரத்த குடுக்காம விட்டாங்க. அப்போ பாத்திரத்துலயும் முழுசா இருக்கணும்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்துப் போய்விடுகிறது. "பரீட்சைக்கு நல்லாத்தான் படிச்சிருக்க." பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், இவ்வளவு களைத்து அவரை நான் பார்த்ததில்லை. "பேராயருக்கு எழுதணும். சொன்னத மீறினான்னுதான் எழுதுவேன், வேற மாதிரி எழுத எனக்குத் தெரியாது. இந்த வருஷம் உன் பேரு போகாது." "சரிங்கய்யா." "கோவத்துல எழுதல." "தெரியுங்கய்யா." தெரிகிறது, உண்மையாகவே தெரிகிறது, ஒரு வருடம், அதற்கடுத்த வருடமும் இருக்கலாம், ஆனால் அழுகை வரவில்லை, நான் கிளம்பலாம், கிளம்பாமல் நிற்கிறேன், ஏனென்றால் அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார், மேசை விளிம்பில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். "எப்சி, நீ படிச்சவ. ஒண்ணு கேக்கறேன் சொல்லு. அந்தக் காகிதம் வாங்கறது தப்பில்லன்னே வச்சுக்குவோம். அப்போ என் தங்கச்சிய நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?" எனக்குப் புரியவில்லை. அவருக்குத் தங்கை இருப்பதே தெரியாது. "நான் என்னுத மட்டும் திருப்பிக் குடுக்கல. அவளையும் வாங்க விடல. நர்சிங் சீட்டு கைக்கு வந்துச்சு, அந்தச் சர்ட்டிபிகேட்ட வச்சாத்தான் சேர முடியும். எங்கப்பா சேர்க்கலாம்னாரு. நான்தான் நின்னு சண்ட போட்டேன். பைபிள எடுத்து வச்சுச் சண்ட போட்டேன். இன்னிக்கு ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில உக்காந்து பசை தடவிட்டிருக்கா. அது தப்புன்னு இருந்தாத்தான் எப்சி, நான் அவளுக்குச் செஞ்சது சரி." நான் தலைக்குள் தேடுகிறேன், கார்த்தேஜைத் தேடுகிறேன், சங்கங்களை, தீர்மானங்களை, விழுந்தவர்களுக்கு இத்தனை தவம், சீட்டு வாங்கியவர்களுக்கு இத்தனை, சாகக் கிடப்பவர்களுக்கு உடனே மன்னிப்பு, எல்லாருக்கும் ஒரு விதி எழுதியிருக்கிறார்கள், விழாமல் நின்றவன் தன்னோடு நிற்கவைத்த தங்கைக்கு எந்தச் சங்கமும் எதையும் எழுதவில்லை. நோவேத்தியனுக்கு ஒரு தங்கை இருந்தாளா. "எனக்குத் தெரியலங்கய்யா" என்கிறேன். "ம்" என்கிறார். "போ. அம்மா வெயில்ல நிப்பாங்க."

அம்மா புங்க மரத்தடியில் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், தனியாக, மற்றவர்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டு அவளைப் பார்ப்பதும் பார்க்காததுமாக இருக்கிறார்கள். நான் கிட்டப் போனதும், "ஏண்டி, யாரு கேட்டா உன்ன?" என்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல். "ஊரே பாத்துச்சு. எவனாவது ஒருத்தன் மொட்டக் கடுதாசி போட்டா என் வேலை என்ன ஆவறது? அத விடு, உன் படிப்பு என்ன ஆவறது?" நான், "நீ ஏம்மா வந்த அப்போ?" என்கிறேன், எனக்கும் குரல் ஏறுகிறது. "நான் வாங்கவா வந்தேன்? கைய நீட்டுனேனா? ஒரு மாசமா முட்டி போடலயேன்னு இருந்துச்சு. போயி முட்டி போட்டா தலையில கை வச்சு ஒரு ஜெபம் பண்ணுவாரு, எந்திரிச்சு வந்துடலாம்னு வந்தேன்." "அப்புறம் ஏன் குடிச்ச?" அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் இன்னும் சின்னப் பிள்ளை என்பதைப்போல. "உன் கை அப்படி நடுங்குது. குடிக்கலன்னா சிந்திடுவியோன்னு குடிச்சேன்." வெயில் கண்ணில் அடிக்கிறது. ஒரு துளியும் போதும் என்று நான் பொகீமியா வரைக்கும் போய்க் கொண்டுவந்த நியாயம், யுத்தம், கொடி, எல்லாம், அவள் என் கைக்காகக் குடித்திருக்கிறாள். மூடியிருந்த கையை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் நீட்டினேன், குழந்தையின் தாடையைப் பிடித்த அந்த ஆளுக்கும் எனக்கும். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். "இந்த வருஷம் என் பேரு போகாதாம்மா" என்கிறேன். அம்மா சாவியைக் கையில் இறுக்குகிறாள், அவள் கண் கலங்குவதைப் பார்க்க முடியாமல், எதையாவது பேச வேண்டும் என்று, ஆயர் சொன்ன தங்கை கதையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சீட்டு வந்தது, அவர் தடுத்தது, ஷூ கம்பெனி. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "எத்தினி வருஷமா அங்க இருக்காளாம்?" "தெரியலம்மா. ரொம்ப வருஷமாத்தான் இருக்கும்." "பசை தடவறாளா, தைக்கிறாளா?" "பசைன்னுதான் சொன்னாரு." சாவியை என் கையில் வைக்கிறாள். "இரு, வரேன்." "எங்கம்மா? வேணாம்மா, இப்போ போவாத." அவள் அதற்குள் கோயில் பக்கவாசலை நோக்கி நடக்கிறாள், முட்டி வலியோடு, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து, தள்ளி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், சண்டை போடப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள், நானும் பயந்துகொண்டே பின்னால் போகிறேன், உடை மாற்றும் அறையின் கதவு பாதி திறந்திருக்கிறது, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்கிறாள், நான் சுவரோரமாக நின்றுவிடுகிறேன்.

"ஐயா."

"வாங்க தெபோராம்மா." நாற்காலி நகர்கிறது, எழுந்திருக்கிறார் போல. "எம்மேல வருத்தம் இருந்தா..."

"அது இருக்கட்டுங்கய்யா. உங்க தங்கச்சிக்கு இருமல் இருக்குதா?"

மேசை கிறீச்சிடுகிறது. அவர் அதில் கையை ஊன்றியிருக்க வேண்டும்.

"இருக்குதும்மா" என்கிறார் ஆயர். "விடியகாலைல ஜாஸ்தி இருக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"சளியோட ரத்தம் வருதா? ஆளு எளைச்சிருக்காளா?"

"எளைச்சுத்தான் இருக்கா. ரத்தம் தெரியல. என்கிட்ட அவ அதிகம் பேச மாட்டா."

"ஒரு நாளு இங்க வரச் சொல்லுங்கய்யா."

"அவ கோயிலுக்கு வரமாட்டாம்மா. கோயிலுக்குப் போறத விட்டு ரொம்ப காலம் ஆச்சு." இந்தக் குரல் பிரசங்கம் செய்கிற குரல் இல்லை, யாரோ வேறு ஒருவருடையது.

"கோயிலுக்கு யாரு வரச் சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. காலைல எந்திரிச்சதும் மொதல்ல வர்ற சளியப் புடிக்கணும், அதுக்கு மூடி போட்ட டப்பா இருக்கு, நாளைக்கே குடுத்து அனுப்பறேன். பயப்பட ஒண்ணுமில்ல, டி.பி.யாவே இருந்தாலும் இப்போ மாத்திரை இருக்குது, கம்பெனிக் காத்துனால வந்ததா இருந்தாலும் பாத்துக்கலாம். வந்தா நான் கூடவே இருந்து காட்டி அனுப்பறேன்." முட்டி வலிக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறாள். "பேரு என்னங்கய்யா அவளுக்கு?"

"சுகிர்தா."

"வயசு?"

ஆயர் சொல்கிறார், சொல்லும்போது குரல் உடைகிறது, பிறகு அவர் அழுகிறார், ஆண்கள் அழுவதைப்போல இருமலும் கனைப்புமாக. நான் சுவரோரமாக நிற்கிறேன், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அம்மா காத்திருக்கிறாள், ஊசிக்கு அழும் பிள்ளையின் பக்கத்தில் அவள் அப்படித்தான் நிற்பாள், தட்டிக்கொடுக்காமல், போகாமல். பிறகு நாற்காலியை யாரோ இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது.

"உக்காருங்கம்மா" என்கிறார் ஆயர்.

அம்மா உள்ளே போய் உட்கார்கிறாள்.